அரிசி அளவில் பழனியப்பன்

ஒரு அரிசி மணி அளவுக்கு 'ழ' எழுதிப் பாருங்கள். பேனாவில் இல்லை... எம்பிராய்டரி மெஷினில்.

நாங்கள் எழுதிப் பார்த்தோம். மார்கழிக் கடைசியில் அதுதான் எங்களுக்கு வேலை.

காரைக்குடியில் இப்போது நான் வாடகைக்கு இருக்கும் ரூமுக்குக் கீழே கண்ணாத்தாவின் எம்பிராய்டரி கடை. ஒரே ஒரு கம்ப்யூட்டர் மெஷின். ஜாக்கெட் கையில் மயில், ஸ்கூல் சட்டையில் முத்திரை, கபடி டீம் பனியனில் சீறும் காளை – எது கேட்டாலும் அடித்துத் தருவாள். கீழே மெஷின் ஓடினால் மேலே என் கட்டில் ஆடும். படுத்துக்கொண்டு ஆடுவதைவிடக் கீழே போய் உட்கார்ந்து டீ குடிக்கலாமே என்று இறங்கி வருவேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் மீனாள் ஆச்சி வந்தார். பக்கத்துத் தெரு. பேங்கில் வேலை. துணிப்பையிலிருந்து மூன்று வெள்ளை அரைக்கைச் சட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்றும் துவைத்துத் துவைத்து மெலிந்து போனவை.

"கண்ணாத்தா, சட்டைப் பைக்கு மேல பேரு போடணும். அப்பச்சி பேரு, ஊரு, என் போன் நம்பர்."

"போட்டுருவோம் ஆச்சி. எம்புட்டுப் பெருசுக்கு?"

"பெருசா வேணாம். பக்கத்துல வந்து பார்த்தாத் தெரியணும். எட்ட நின்னு பார்த்தாத் தெரியக் கூடாது."

அப்பச்சி என்றால் இவர்கள் வீடுகளில் அப்பா; ஆச்சி என்பது பெண்களுக்கு மரியாதைச் சொல். இந்த அப்பச்சியை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பெயர் பழனியப்பன். இரும்புக் கடை வைத்திருந்தவர். சில வருஷமாக ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருக்கிறது. கேட் திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவார். எங்கே? அதில் மட்டும் குழப்பமே கிடையாது. குன்றக்குடி ரோடு. ஏனென்றால் அதுதான் பழனிக்குப் போகிற ரோடு. தை பிறந்தால் பழனிக்கு நடந்து போவது அவருக்குச் சின்ன வயதிலிருந்து வழக்கம். மூளையிலிருந்து எல்லா ரோடும் அழிந்துவிட்டது; அது மட்டும் தார் போட்டது போல அப்படியே கிடக்கிறது.

மற்ற மாதங்களில் பிரச்சினை இல்லை. வெயிலில் செருப்பில்லாமல் ஒரு பெரியவர் தனியாக நடந்தால், யாராவது நிறுத்தி விசாரித்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆனால் தையிலும் அது நடக்குமா?

மீனாள் ஆச்சி எல்லாம் செய்து பார்த்துவிட்டார். கழுத்தில் பேர் எழுதிய டாலர் போட்டார் – அதை அப்பச்சி கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். இருக்கும் இடம் காட்டும் வாட்ச் கட்டினார் – கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பையில் சீட்டு வைத்தார் – அது சட்டையோடு துவைபட்டுக் கூழானது. மார்க்கர் பேனாவில் எழுதினார் – இரண்டு துவைப்பில் காணோம்.

"சரி ஆச்சி, முதுகுல பெருசாப் போட்டுருவமா? கபடி டீம் மாதிரி?" என்றாள் கண்ணாத்தா.

"போட்டா அந்தச் சட்டையத் தொடுவாகளா? 'நான் என்ன ஜெயில்ல இருந்து வந்தவனா'ம்பாக. சின்னதாப் போடு. மரியாதையா இருக்கணும்."

தொலைந்து போகிறவருக்கும் மரியாதை வேண்டுமா? வேண்டும். நான் தொலைந்து திரிந்த காலத்தில் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வரி. எட்டாவதோடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரியில் கிளீனர், ஹைதராபாத்தில் ஹோட்டல், திருப்பூரில் எம்பிராய்டரி ஆபரேட்டர்... ஓரிடத்தில் நின்றதில்லை. திருப்பூர் புண்ணியத்தில் சின்ன எழுத்து அடிப்பது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைப்பு. அவ்வளவுதான்.

அங்கே நாங்கள் அடித்ததெல்லாம் இங்கிலீஷ் கம்பெனிப் பெயர்கள். குச்சி குச்சியான எழுத்து. தமிழ் அப்படியா? 'ழ'வுக்குக் காலுக்கு அடியில் ஒரு வளைவு. 'ன'வுக்கு முகத்தில் சுழி. 'னி' என்றால் தலையில் கொக்கி வேறு. போதாததற்கு 'ப்' மேல் ஒரு புள்ளி. ஒரு மனிதருக்குப் பெயர் வைக்கும்போது மெஷினைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

பனியனுக்கு வைத்திருந்த பெரிய எழுத்தைக் கம்ப்யூட்டரில் சுருக்கி, முதலில் வேஸ்ட் துணியில் அடித்தாள் கண்ணாத்தா. 'டக டக'வென்று ஓடிய மெஷின் 'ய'வில் திணறியது. 'டொக்' என்று ஊசி உடைந்தது. கீழே நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு, துணியைப் பல்லால் கடித்ததுபோலப் பிடித்துக்கொண்டது. வெட்டி எடுத்துப் பார்த்தால், பழனியப்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலக் கம்பளிப்பூச்சி.

"இது யாருண்ணே?" என்றாள் கண்ணாத்தா என்னைப் பார்த்து.

எழுத்தைச் சுருக்கலாம். நூலைச் சுருக்க முடியுமா? அதே தடிமன் நூல், அதே எண்ணிக்கைத் தையல், கால்வாசி இடத்தில். ஊசி குத்திய ஓட்டையிலேயே மறுபடி மறுபடி குத்தினால் துணி தாங்குமா, ஊசி தாங்குமா? சின்ன எழுத்தைச் சின்ன எழுத்தாகவே புதிதாக வரைய வேண்டும். தையலைக் குறைக்க வேண்டும். சுழிகளின் கண்ணை, கையால் எழுதுவதைவிடப் பெரிதாகத் திறந்து வைக்க வேண்டும். நூல் நிறைந்ததும் அதுவாகச் சரியான அளவுக்கு வந்துவிடும்.

கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து 'ழ'வை வரைந்தோம். அழித்தோம். வரைந்தோம். கண்ணாத்தா வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்து, எங்கள் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "புழுவுக்கு ஆஸ்பத்திரி வச்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மெல்லிசு ஊசி வாங்கினோம். அதற்கேற்ற மெல்லிசு நூல் காரைக்குடியில் கிடைக்கவில்லை. திருப்பூரில் பழைய கூட்டாளியிடம் சொல்லி பஸ்ஸில் வரவழைத்தேன். சட்டையோ நைந்த துணி, ஃபிரேமில் இழுத்து மாட்டினால் கோணிக்கொண்டு போகிறது. துணிக்குக் கீழே பேப்பரை இரட்டையாகக் கொடுத்து, மேலே தண்ணீரில் கரையும் கண்ணாடித்தாள் ஒன்றைப் பரப்பினோம் – தையல் துணிக்குள் அமுங்கிப் போகாமல் இருக்க. மெஷினின் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தோம்.

பெயர் வந்தது. படிக்க முடிந்தது. நம்பரைப் பார்த்தால்... 6, 8, 9 மூன்றுக்கும் ஒரே முகம்.

மீனாள் ஆச்சி கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதைப் படிச்சா யாரோ எவுகளுக்கோ போன் போகும். அவுக வந்து அப்பச்சியக் கூட்டிட்டுப் போவாகளா?"

மறுபடி கம்ப்யூட்டர். நம்பரை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, 8-இன் இரண்டு வட்டத்தையும் அகட்டி வைத்தோம். இந்த முறை சுத்தமாக வந்தது. சந்தோஷமாக ஒரு சட்டையைக் கொடுத்தனுப்பினோம். மறுநாளே திரும்பி வந்தது. உள்பக்கம் நூல் முடிச்சுகள் உறுத்தியிருக்கின்றன. பெரியவர் நகத்தால் நோண்டி நோண்டி ஊரையும் நம்பரையும் உருவிவிட்டார்.

எனவே, ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நூலை வெட்டாமல் ஓடுகிற மாதிரி வரைந்தோம்; முடிச்சு குறைந்தது. உள்பக்கம் குழந்தைத் துணி மாதிரி மெத்தென்ற ஒரு துண்டை அயர்ன் பண்ணி ஒட்டினோம். தடவிப் பார்த்தால் எழுத்து இருப்பதே தெரியாது.

கண்ணாத்தாதான் சொன்னாள்: "ஆச்சி, வேட்டிக்கும் போட்டுருவோம். ஆம்பளையாளு சட்டையக் கழட்டுவாக. வேட்டியக் கழட்டுவாகளா?"

நல்ல யோசனை. வேட்டி முனையிலும் போட்டோம்.

கடைசிச் சட்டை முடிந்த அன்று ஆச்சி அப்பச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நெற்றி நிறைய விபூதி, நிமிர்ந்த நடை. என்னையே கேட்டார்: "தம்பி எந்த ஊரு?"

"ஊரெல்லாம் இல்லீங்க. இப்ப இங்குட்டுத்தான் இருக்கேன். நீங்க?"

"நான் பழனியப்பன். காரைக்குடி. தை பொறந்துருச்சுல்ல, பழனிக்குக் கிளம்பணும்."

எதில் குறை சொல்ல முடியும்? என்னைவிடத் தெளிவான விலாசம். கண்ணாத்தா சும்மா இருக்காமல் மீனாள் ஆச்சியைக் காட்டி, "இவுக யாருங்கய்யா?" என்றாள்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"பேங்க்ல வேலை பாக்குற பிள்ளை. நல்ல பிள்ளை. எனக்குச் சோறு போடுது."

ஆச்சி சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததை மறுபடி பிரித்து மடித்தார்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். சிலிண்டர் போட வந்தவருக்காகக் கேட்டைத் திறந்திருக்கிறார்கள். அவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போக, இவர் வெளியே போய்விட்டார். வெள்ளைச் சட்டை, வேட்டி. இரண்டிலும் பெயர்.

பஸ் ஸ்டாண்ட், ஸ்டேஷன், சொந்தக்காரர் வீடு என்று ஆள் அனுப்பிவிட்டு, போலீஸிலும் சொல்லிவிட்டு, கார் ஒன்று பிடித்துக் குன்றக்குடி ரோட்டில் ஏறினோம் – மீனாள் ஆச்சியும் நானும். ரோடு முழுக்க ஜனம். காவியும் பச்சையும் கட்டிக்கொண்டு, காவடியும் வேலுமாக ஊரே பழனிக்கு நடக்கிறது. வழியெல்லாம் பந்தல். மோர், பானகம், புளியோதரை, கால் பிடித்துவிட ஆள்.

முதல் பந்தலிலேயே தகவல் கிடைத்தது. மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "ஆமா, வந்தாக. பழனியப்பன்னு சொன்னாக. நல்லாத்தான பேசுனாக? ரெண்டு டம்ளர் மோர் வாங்கிக் குடிச்சாக."

"சட்டையில பேரு, நம்பர் இருந்துச்சே... பாக்கலையா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணே, பழனிக்குப் போற சாமியோட சட்டையையா படிச்சுக்கிட்டு நிப்பாக?"

நியாயம்தானே?

அன்று இருட்டும்வரை தேடினோம். மறுநாள் காலையில் திருப்பத்தூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது ஆச்சியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ... பழனியப்பன், காரைக்குடிங்களா?" ஒரு பெண் குரல்.

"ஆமாங்க! நான் அவுக மக!"

படித்துவிட்டார்கள்! 6, 8, 9 எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது! அந்த நிமிஷத்தில் நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

"நல்லாருக்காகளா? எங்க இருக்காக?"

"நல்லா இருக்குங்க. துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்."

"...எதைங்க?"

"சட்டையும் வேட்டியும்தான்."

திருப்பத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரத்து வீடு. வாசலில் பந்தல். பஞ்சவர்ணம் என்ற அந்த அம்மா சிரித்த முகமாக எங்களை உட்காரச் சொன்னார். நடந்து வருகிறவர்களின் துணியை வாங்கித் துவைத்துக் கொடுப்பதை அந்த வீட்டில் வருஷா வருஷம் ஒரு தொண்டாகச் செய்கிறார்கள்.

"நேத்துப் பொழுது சாயத்தான் வந்தாக. காலு ரெண்டும் கொப்புளம். வெந்நி வச்சு ஊத்துனேன். 'என்ன சாமி, பழனிக்குப் போறீக, வெள்ளைச் சட்டையோட போறீக'ன்னு எங்க வீட்டுக்காரரு புதுசாக் காவி வேட்டியும் துண்டும் எடுத்துக் குடுத்தாரு. சந்தோசமா வாங்கிக் கட்டிக்கிட்டாக. வெள்ளன எந்திரிச்சுக் கூட்டத்தோட கிளம்பிட்டாக. இப்பத்தான் கொடியில இருந்து துணிய எடுத்து மடிச்சேன், எழுத்து கண்ணுல பட்டுச்சு. எம்புட்டுச் சின்னதா, எம்புட்டுத் தெளிவா... எங்க தச்சீக? எம் பேரன் ஸ்கூல் சட்டைக்குப் போடணும்."

மீனாள் ஆச்சி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"பேரு கேட்டேனே, சொன்னாகளே! எந்த ஊருன்னேன், காரைக்குடின்னாக. எங்க போறீகன்னேன், பழனிக்குன்னாக. எல்லாம் சரியாத்தான இருந்துச்சு..." மடித்து வைத்திருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நானேல்ல கழட்டி வாங்குனேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரை ஆச்சிதான் தேற்ற வேண்டியிருந்தது. "நீங்க என்ன செய்வீக. நல்லதுதான செஞ்சீக."

அதற்குப் பிறகு எங்களுக்குத் தேட அடையாளமே இல்லை. முந்தின நாள் ஆயிரம் காவிக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேடினோம். இப்போது ஆயிரம் காவிக்கு நடுவில் ஒரு காவி. நத்தம், திண்டுக்கல் என்று போனோம். எல்லாப் பந்தலிலும் பார்த்திருக்கிறார்கள். எல்லாப் பந்தலிலும் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். அது இவரா, இன்னொருவரா என்று யாருக்குத் தெரியும்?

பழனியில் மைக்கில் கூப்பிடச் சொன்னோம். "காரைக்குடி பழனியப்பன், காரைக்குடி பழனியப்பன்..." வந்தார்கள். ஒருவர் இல்லை, நான்கைந்து பழனியப்பன்கள். எல்லோரும் காரைக்குடி. எல்லோரும் பதறிப்போய், "வீட்டுல என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். எங்கள் பழனியப்பன் வரவில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நான் ஊர் ஊராகச் சுற்றிய வருஷங்களில் பட்டினியால் சாகாததற்கு ஒரே காரணம், யாரும் என்னைத் துருவிக் கேட்காததுதான். "சாப்பிட்டியா?" என்பார்கள். இலையைப் போடுவார்கள். யார், ஏன், எதற்கு... ம்ஹூம். அந்தக் குணத்தில் பிழைத்தவன் நான். அதே குணம்தான் ஒரு பெரியவருக்கு மோர் கொடுத்து, காலுக்கு வெந்நீர் ஊற்றி, புது வேட்டி கட்டி, கும்பிட்டு, வழியனுப்பியும் வைத்தது. யாரைக் குறை சொல்வது? இந்தச் சீமையில் தொலைந்து போவது சுலபம். தொலைந்துவிட்டேன் என்று அடுத்தவரை நம்ப வைப்பதுதான் கஷ்டம். அதற்கு முதலில் தொலைந்தவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே பிசகியது என்று பலமுறை யோசித்துவிட்டேன். தையலில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தைப்பூசம் முடிந்துவிட்டது. ரோட்டில் பந்தல்களைப் பிரித்துவிட்டார்கள். மாசி வந்துவிட்டது, அவர் வரவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ சுற்றுகிறது – வெள்ளைச் சட்டையில் எடுத்த போட்டோ. கண்ணாத்தா கடையில் சின்ன எழுத்துக்கு ஆர்டர் குவிகிறது. பஞ்சவர்ணம் அம்மா பேரனின் சட்டையும் வந்தது. கண்ணாத்தா அடித்துக் கொடுத்தாள், கூலி வாங்கவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வழியில் ஒரு பெரியவர் வந்தால் மோர் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். பேரைக் கேட்காதீர்கள், அது சரியாக வரும். ஊரைக் கேட்காதீர்கள், அதுவும் வரும். "வீட்டுல யார் யார் இருக்காக?" என்று கேளுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள்.

போன வாரம் மீனாள் ஆச்சி கடைக்கு வந்தார். கையில் இரண்டு காவி வேட்டி. "இதுலயும் போட்டு வை கண்ணாத்தா. இனிமே அவுக இதைத்தான் கட்டுவேம்பாக."

கண்ணாத்தா வேட்டியை ஃபிரேமில் மாட்டிக்கொண்டிருந்தபோது ஆச்சியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். மெஷினை நிறுத்தினோம். ஆச்சி எடுத்தார். முன்பெல்லாம் பேங்க்காரர்களுக்கே உரிய அழகோடு 'ஹலோ' சொல்வார். இப்போது அது இல்லை.

"ஆளாங்க, துணியாங்க?"